ஆரஞ்சு தொலைத்த ‘ந’

ஆரஞ்சு என்ற பெயருக்கும் நாரத்தைக்கும் உறவு உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. தமிழில் நாரத்தை, சமஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரான்ஹா. பழம் மேற்கே போன வழியெல்லாம் பெயரும் கூடவே போயிருக்கிறது. சமஸ்கிருதச் சொல்லுக்கே மூலம் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்று பல அகராதிகள் குறிப்பிடுகின்றன. ஆனால் இத்தாலிய மொழியில் பழம் ‘அராஞ்சா’, மரம் ‘அராஞ்சோ’. பழைய பிரெஞ்சில் ‘ஒரெஞ்ச்’. முன்னால் நின்ற ‘ந’ எங்கே போயிற்று?

பேசும்போது நாம் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. குரலைப் பதிவு செய்து அதன் அலைவடிவத்தைத் திரையில் பாருங்கள். ‘இந்த மரம்’ என்று இயல்பாகச் சொன்னால் இரு சொற்களுக்கும் நடுவே மௌனமே இராது. மாறாக, ‘பக்கம்’ என்ற ஒரே சொல்லின் நடுவில், ‘க்க’வுக்காக அடிநாக்கு அண்ணத்தை அடைக்கும் கணத்தில், அலை தட்டையாகப் படுத்துவிடும். ஆக, சொல்லின் எல்லையைக் காட்டுவது மௌனம் அல்ல. மூளைதான் ஓடும் ஒலியை வெட்டிக்கொள்கிறது.

எதை வைத்து வெட்டுகிறது? 1996-இல் ஜென்னி சாஃப்ரான், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. மூன்றசைகள் கொண்ட, பொருளற்ற நான்கு சொற்களை இவர்கள் உருவாக்கினார்கள். கணினிக் குரலில், ஏற்ற இறக்கமோ இடைவெளியோ இல்லாமல் மாற்றி மாற்றிக் கோத்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு 2 நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். ஒரு சொல்லுக்குள் முதல் அசையை அடுத்து எப்போதும் அதே இரண்டாம் அசைதான் வரும். சொல் முடிந்த இடத்திலோ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். மற்ற மூன்று சொற்களில் எதுவும் வரலாம். பிறகு சோதித்தபோது, அந்தச் சொற்களைவிட, எல்லை தாண்டிச் சேர்ந்த அசைகளைக் குழந்தைகள் அதிக நேரம் கவனித்துக் கேட்டன. அவை புதியவை என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசத் தெரியாத குழந்தை, எந்த அசைக்குப் பின் எது வரும் என்று 2 நிமிடத்தில் கணக்குப் போட்டுவிட்டது!

இந்தக் கணக்கு தடுமாறும் இடங்கள் உண்டு. ‘பலகை’ மரத்துண்டா, பல கைகளா? நம் இலக்கணம் இதைப் பொதுமொழி என்கிறது. இத்தாலிய மொழியில் ‘ஒரு’ என்பதற்கு ‘உன்’. மரத்தின் பழைய பெயர் ‘நராஞ்சோ’. ‘உன் நராஞ்சோ’ என்று வேகமாகச் சொன்னால் இரண்டு ‘ன’கரங்களும் ஒட்டிக்கொள்கின்றன. கேட்பவர் அதை ‘உன்’னுக்கே கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘அராஞ்சோ’. இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. வெனிஸ் வட்டார மொழியில் இன்றும் ‘நரான்சா’தான்.

ஆங்கிலேயர்கள்தான் ‘அ நாரஞ்ச்’ என்பதை ‘ஆன் ஆரஞ்ச்’ ஆக்கினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பிரெஞ்சு வழியாக அங்கே போய்ச் சேரும்போதே ‘ந’ உதிர்ந்திருந்தது. ஆனால் ஆங்கிலத்திலும் இதே கோளாறு வேறு சொற்களுக்கு நேர்ந்தது உண்மை. உடைமேல் அழுக்குப் படாமல் முன்னால் கட்டிக்கொள்ளும் துணியைக் குறிக்கும் ‘ஏப்ரன்’ ஒருகாலத்தில் ‘நாப்ரன்’. விரியன் பாம்பின் பெயரான ‘ஆடர்’ முன்பு ‘நாடர்’. ஜெர்மானியர் இன்னமும் ஒருவகைப் பாம்புகளை ‘நாட்டர்’ என்றே அழைக்கிறார்கள்.

இத்தகைய சான்றுகளைப் பார்க்கும்போது, கையில் கிடைத்த சொல்லை விருப்பப்படி இரண்டாக வெட்டி, ‘உலகச் சொற்களெல்லாம் எங்களுடையவை’ என்று நிறுவப் பார்ப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. ஒலி ஒப்புமை மட்டும் போதாது. எந்த நூற்றாண்டில், எந்த ஊரில், எந்த வடிவம் எழுதப்பட்டது என்று காட்ட வேண்டும். நாரத்தையின் பயணத்துக்கு அப்படிப்பட்ட எழுத்துச் சான்று வழி நெடுகக் கிடைக்கிறது. நாம் பெருமைப்படவும் அதுவே போதும்.

இந்தப் பெயரோடு முதலில் ஐரோப்பா சேர்ந்தது கசப்பு ஆரஞ்சு. இனிப்பு ஆரஞ்சைப் பின்னால் பரப்பியவர்களில் போர்த்துக்கீசியர் முக்கியமானவர்கள். அதனால் கிரேக்கத்தில் அது ‘போர்டோகாலி’, துருக்கியில் ‘போர்டகால்’, அரபியில் ‘புர்துகால்’. நாரஞ்ச் என்ற பழைய பெயரை அரபு மொழி கசப்புப் பழத்துக்கே விட்டுவைத்திருக்கிறது.