அந்தப் பழுப்பு இலையை உரிக்காதீர்கள்

போன வாரம் ஒருவர் காரின் பின்சீட்டில் ஒரு மான்கொம்புப் பெரணியை (ஸ்டாக்ஹார்ன் ஃபெர்ன்) படுக்கவைத்துக் கொண்டுவந்தார். தொட்டியில்லாமல் பலகையில் கட்டி ஒன்பது வருடம் வளர்த்த செடி. பலகையோடு தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "காய்ஞ்ச இலையெல்லாம் சுத்தம் பண்ணினேன் சார், அதுலேருந்து சோர்ந்துபோச்சு" என்றார். சொன்னபடியே சுத்தம்தான். பலகையை ஒட்டியிருந்த பழுப்பு இலைகளை அடுக்கடுக்காக உரித்தெடுத்திருந்தார். இந்த மாதத்தில் இப்படி வந்தது இது நான்காவது. பொறுமை போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

இந்தப் பெரணிக்கு இரண்டு விதமான இலைகள். கொம்பு மாதிரி கிளைத்துத் தொங்குவது ஒன்று. பலகையை அணைத்தபடி வட்டமாகப் படர்வது இன்னொன்று. அதைக் கேடய இலை என்கிறோம். கேடய இலை பச்சையாகப் பிறந்து, பெரிதாகி, பிறகு பழுப்பாகி அங்கேயே தங்கிவிடும். அது நோயில்லை. பழையதன் மேல் புதியது வந்து மூட, உள்ளே இருப்பது மெல்ல மட்கும். வேர் ஓடுவது அந்த அடுக்குகளுக்குள்தான். தண்ணீர் தேங்கி நிற்பதும், செடிக்கு ஊட்டம் கிடைப்பதும் அங்கேதான். மரக்கிளையில் தொற்றி வாழும் செடிக்கு மண் ஏது? தனக்கு வேண்டிய மண்ணைத் தானே செய்துகொள்கிறது. நீங்கள் உரித்தது காய்ந்த இலையை அல்ல, தொட்டியையும் மண்ணையும் பாதி வேரையும் சேர்த்து.

அடுத்தது, இலையின் அடியில் வரும் பழுப்பு. "சார், பூச்சி!" என்று படம் வரும். பத்துக்கு எட்டு படத்தில் பூச்சி இருக்காது. பெரணி பூக்காது, காய்க்காது. விதைக்குப் பதில் அதற்கு ஸ்போர், தூசி மாதிரியான துகள். இலையடியில் தெரியும் பழுப்பு அந்த ஸ்போர்க் கூட்டம்தான். பறவைக்கூடு பெரணியில் அது நரம்போடு சாய்ந்து ஓடும் பழுப்புக் கோடுகளாக இருக்கும். பாஸ்டன் பெரணியில் சிற்றிலையின் ஓரமாக, வரிசையாகப் புள்ளி வைத்தாற்போல. மான்கொம்பில் நுனியிலோ கவை பிரியும் இடத்திலோ வெல்வெட் துணி ஒட்டியது போல. ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். செதில் பூச்சிக்கு ஒழுங்கு தெரியாது. காம்பில், நடுநரம்பில், இலையின் மேல்பக்கத்தில் என்று கண்ட இடத்தில் உட்காரும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும், கீழே பிசுபிசுப்பும் இருக்கலாம். கோடு கோடாக, ஜோடி ஜோடியாக வந்தால் உங்கள் செடி வயதுக்கு வந்திருக்கிறது. சந்தோஷப்படுங்கள். மருந்து புட்டியை எடுக்காதீர்கள். எண்ணெய் கலந்த மருந்தும் சோப்புக் கரைசலும் பெரணி இலையைக் கருக்கிவிடும். நான் பார்த்த வரையில் பூச்சியால் செத்த பெரணிகளைவிட, இல்லாத பூச்சிக்கு அடித்த மருந்தால் செத்தவை அதிகம்.

மான்கொம்பு இலையில் சாம்பல் பூத்தது போல இருக்கும் மெல்லிய ரோமத்தையும் துடைக்க வேண்டாம். ஈரம் ஓடிப்போகாமல் காப்பது அதுதான். மாவுப்பூச்சி என்றால் பஞ்சுத் துணுக்குகளாக இடுக்கில் ஒளிந்திருக்கும், இலை முழுக்க ஒரே சீராகப் பரவாது. பளபளப்பாக்கும் ஸ்பிரே அடித்தவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

சரி, எந்தப் பழுப்புக்குப் பயப்பட வேண்டும்? கருமையோடு கொழகொழவென்று, அதுவும் செடியின் நடுவிலிருந்து தொடங்கினால் அழுகல். பறவைக்கூட்டின் நடுக்குழியில் தினமும் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறவர்களுக்கு இது வரும். காட்டில் மழைநீர் அதில் விழுகிறதே என்பீர்கள். காட்டில் காற்றும் வீசுகிறது, உங்கள் ஹாலில் வீசுவதில்லை. மண்ணில் ஊற்றுங்கள். நுனி மட்டும் காய்ந்தால் வறண்ட காற்றோ, அதிக உரமோ. உரத்தைப் புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். நேர் வெயில் வேண்டாம், இருட்டு மூலையும் வேண்டாம். பலகைச் செடியை வேர்ப்பகுதி மூழ்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் வைத்து, வடியவிட்டு மாட்டுங்கள். நனைந்த செடியின் கனத்தைத் தாங்குகிற ஆணியா என்று முதலில் பாருங்கள். கட்டுவதற்குச் செம்புக் கம்பி கூடாது, தூண்டில் நரம்பு போதும்.

கை துறுதுறுவென்றால், தயவுசெய்து, தானாக மஞ்சளாகித் தொங்கும் கொம்பு இலையை மட்டும் எடுங்கள்.

காரில் வந்தவர் கொண்டுவந்தது சூப்பர்பம் என்ற மான்கொம்பு வகை. மற்ற சில மான்கொம்புகளைப் போல அது பக்கக்கன்று விடாது. இருப்பது ஒரே குருத்து, அது போனால் செடியே போச்சு. நல்லவேளை, குருத்து பிழைத்திருந்தது. ஈரப்பாசியை வைத்துக் கட்டி, நிழலில் மாட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். புதுக் கேடய இலை வந்தால் படம் அனுப்புவதாகச் சொன்னார். அது பழுப்பாகும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமே.