டோல்கேட்டில் கட்டும் காசு யாருக்குப் போகிறது? நமக்கு என்ன சலுகை இருக்கிறது?

எங்கள் மாமா வீட்டிலிருந்து டோல்கேட் எட்டு கிலோமீட்டர். அதைத் தாண்டித்தான் அவருடைய தோப்பு. வாரத்தில் நான்கு நாள் காரில் போய்வருவார், ஒவ்வொரு தடவையும் ஃபாஸ்டேக்கில் காசு போய்க்கொண்டே இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குத் தனி பாஸ் உண்டா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இல்லைங்க" என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் அப்படியே கட்டினார். ஆனால் பாஸ் உண்டு. 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளிலேயே அது இருக்கிறது.

சலுகைகளுக்குப் போகும் முன், அந்தச் சாவடியில் நிற்கும் கம்பெனி யார் என்று பார்த்துவிடலாம். சாலை போட அரசிடம் மொத்தப் பணமும் இல்லாதபோது, தனியாரை முதலீடு செய்யச் சொல்லி ஒப்பந்தம் போடுகிறார்கள். இதற்கு வழிவிட்டு 1995-இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு வகை ஒப்பந்தத்தில் கம்பெனியே சாலை போட்டு, இத்தனை வருடம் என்று கட்டணம் வசூலித்துப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும். வண்டி குறைந்தால் நஷ்டமும் அதனுடையது. 2016-இல் வந்த இன்னொரு வகையில், சாலை போடும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும். மீதியைக் கம்பெனி போட, அதை வட்டியோடு தவணை தவணையாக அரசு திருப்பித் தரும். இங்கே டோல் பணம் அரசுக்குத்தான் போகிறது.

எந்த வகையாக இருந்தாலும், தேசிய நெடுஞ்சாலையில் கட்டணத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. நாலுவழிச் சாலையில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா என்பது 2007-08-இன் அடிப்படை விலை. ஒவ்வொரு வருடமும் 3 சதவீதம், அதோடு மொத்த விலைக் குறியீடு (மொத்த வியாபாரத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் கணக்கு) உயர்ந்ததில் 40 சதவீதம் என்று ஏறிக்கொண்டே வருகிறது. ஏப்ரல் 1 அன்று புதுக் கட்டணம் வருவது இதனால்தான்.

சரி, சலுகைகள். ஒரு பக்கம் போக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வரச் சேர்த்து 150 தான். அடிக்கடி போகிறவர்களுக்கு மாதப் பாஸ் உண்டு: 50 பயணத்துக்கு 5,000 ஆக வேண்டியது, மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3,333 ரூபாய்.

மாமாவுக்குப் பொருந்துவது மூன்றாவது. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்து, சொந்த உபயோகத்துக்கான வண்டி வைத்திருந்தால், எத்தனை தடவை போனாலும் மாதத்துக்கு ஒரே தொகை. 2007-08-இல் 150 ரூபாய் என்று ஆரம்பித்தது, 2025-26-இல் 350 ஆகியிருந்தது. ஆர்.சி. புத்தகமும் முகவரிச் சான்றும் கொண்டுபோக வேண்டும். வாடகை வண்டிக்குக் கிடையாது. இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: உங்களுக்கு சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தால் பாஸ் தர மாட்டார்கள். பெரும்பாலான தகராறு இந்த இடத்தில்தான் வரும். அப்படிச் சொல்லி மறுத்தால், எந்தச் சாலையைச் சொல்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள்.

ஊர் ஊராகச் சுற்றுகிற கார்க்காரர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் வந்திருக்கிறது. 200 பயணம் அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. அறிமுக விலை 3,000 ரூபாய். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் இது செல்லாது.

ஃபாஸ்டேக்கில் பணம் இருந்தும் சாவடியின் கருவி வேலை செய்யாவிட்டால் கட்டணம் இல்லாமல் விட வேண்டும், கட்டணம் பூஜ்யம் என்று போட்ட ரசீதும் தர வேண்டும். 2018 முதல் இது விதி. டேக் இல்லாமல் போனால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு என்று இருந்தது. 2025 நவம்பர் 15-இலிருந்து யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும். அப்புறம், 60 கிலோமீட்டருக்குள் இரண்டாவது சாவடி இருந்தாலே சட்டவிரோதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது முழுசாகச் சரியல்ல. அதுதான் பொது விதி, ஆனால் காரணத்தைப் பதிவு செய்து விலக்குத் தரவும் விதியில் இடமிருக்கிறது.

ஒப்பந்தமே கோணலாகப் போனால்? டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் மேம்பாலச் சாலைக்கு 1997-இல் போட்ட ஒப்பந்தத்தில், கம்பெனிக்குத் திட்டச் செலவின் மேல் வருடம் 20 சதவீத லாபம் உறுதி. வசூல் குறைந்தால், குறைந்த தொகை செலவோடு சேர்ந்துகொள்ளும். வருடா வருடம் வசூலித்தும் கடன் கரையாமல் ஊதிக்கொண்டே போனது. குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேரளத்துப் பாலியேக்கராவில், சாலை குண்டும் குழியுமாய்க் கிடக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில்தான் வசூல் மறுபடி தொடங்கியது.

தேசிய நெடுஞ்சாலைப் புகாருக்கு 1033. கூப்பிடும்போது சாவடியின் பெயர், நேரம், வண்டி எண், கழிந்த தொகை நான்கையும் கையில் வைத்திருங்கள். மாமா அப்படித்தான் செய்தார். அடுத்த மாதம் பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.