கிராங்க் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெக்கானிக்கிடம் போனால் அவர் முதலில் கேட்பது 'கிராங்க் ஆகுதா?' என்றுதான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் கரகரவென்று சுற்றுகிறதா, இல்லை டிக் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறதா என்று அர்த்தம். சுற்றியும் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் பெட்ரோல் வருவதிலோ ஸ்பார்க்கிலோ கோளாறு. சுற்றவே இல்லையா, பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் பார்க்க வேண்டும். ஆக, கிராங்க் ஆவது வேறு, ஸ்டார்ட் ஆவது வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி மெக்கானிக்கைக் குழப்புகிறார்கள்.

கிராங்க் என்பது முதலில் ஒரு பொருளின் பெயர். நேராகப் போகும் தண்டு ஓரிடத்தில் மடங்கி, கொஞ்சம் தள்ளி ஒரு பிடியோடு முடிந்தால் அதுதான் கிராங்க். பிடியைப் பிடித்துக் கையை வட்டமாகக் கொண்டுபோனால் தண்டு சுழலும். சைக்கிளில் பெடலை நடு அச்சோடு சேர்க்கும் கை ஒரு கிராங்க். கால் தையல் மெஷினில் மிதிபலகையின் ஏற்ற இறக்கத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுவதும் அதே வேலைதான். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டும் இந்தக் குடும்பம்தான்.

ஆங்கிலத்தில் இது பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் நெசவுக் கருவி ஒன்றின் பெயரில் 'கிராங்க்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் வேர் 'வளைதல், மடங்குதல்' என்ற பொருள் கொண்டது. கூனிக் குறுகுவதைச் சொல்லும் 'கிரிஞ்ச்', சுருக்கம் விழுவதைச் சொல்லும் 'கிரிங்கிள்' எல்லாம் அதற்கு உறவு. ஜெர்மனில் 'கிராங்க்' என்றால் நோயுற்ற என்று பொருள், அதுவும் உறவுதான். இப்போதைய ஆங்கிலத்தில் கிறுக்குத்தனமான கொள்கையைப் பிடித்துத் தொங்குபவரை 'கிராங்க்' என்பார்கள், சிடுசிடுக்கும் குழந்தையை 'கிராங்கி' என்பார்கள்.

சரி, தமிழில்? கலைச்சொல்லாக 'வணரி' இருக்கிறது, கிராங்க் ஷாஃப்டுக்கு வணரித்தண்டு. கேட்டதும் யாரோ உட்கார்ந்து செய்த சொல் மாதிரி இருக்கும். ஆனால் வேர் பழையது. வணர் என்றால் வளைதல், புறநானூற்றில் 'வணர்கோட்டுச் சீறியாழ்' வருகிறது, வளைந்த தண்டு (கோடு) உடைய சிறிய யாழ் என்று பொருள். ஆங்கிலச் சொல்லும் வளைவிலிருந்து வந்தது, இதுவும் வளைவிலிருந்து வந்தது, எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றவில்லை. ஒர்க்‌ஷாப்பில் போய் வணரி கேட்டால் யாருக்கும் புரியாது என்பதும் உண்மை, அங்கே கிராங்க் என்றே கேளுங்கள்.

பொருள் நமக்குப் புதிதில்லை. உளுந்து, பயறு உடைக்கிற திரிகையைப் பாருங்கள், ஊர்ப் பேச்சில் திருகை, சில இடங்களில் ஏந்திரம். மேல்கல்லின் ஓரத்தில், நடுவிலிருந்து தள்ளி ஒரு முளைக்குச்சி நிற்கும். அதைப் பிடித்துச் சுற்றும்போது கல்லே கிராங்கின் கையாக வேலை செய்கிறது.

வினையாகச் சொல்ல 'சுழற்று' அல்லது 'சுற்று' போதும். 'திருகு' என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை, ஏனென்றால் குழாயையோ மூடியையோ திருகும்போது மணிக்கட்டு இருந்த இடத்திலேயே முறுகுகிறது, கிராங்கில் கையே வட்டம் போடுகிறது. டீசல் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் 'ஹேண்டில் போடு' என்பார்கள், அதுதான் இந்தச் செயலுக்கு உயிருள்ள தமிழ். முதலில் டீகம்ப்ரஷன் லிவரை, அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் சேராமல் வைக்கும் லிவரை, தூக்கிவிட்டு, வேகம் ஏறும்வரை சுற்றி, அப்புறம் லிவரை விட வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்றவே முடியாது.

காரிலும் ஒரு காலத்தில் இதே கதைதான், அது ஆபத்தான வேலையும்கூட. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே ஸ்பார்க் அடித்துவிட்டால் தண்டு பின்பக்கமாக உதைக்கும், ஹேண்டில் கையைத் திருப்பி அடித்துவிடும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கத்து எலும்பில் விழும் ஒரு வகை முறிவுக்கு 'ஷோஃபர் முறிவு' என்றே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, ஷோஃபர் என்றால் கார் ஓட்டுநர். அதனால்தான் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக் காரில் வந்த பிறகு இந்தத் தொல்லை மெல்ல மெல்லக் குறைந்தது. கை போய் மோட்டார் வந்தும் பெயர் மட்டும் மாறவில்லை. பேட்டரி மேல் சி.சி.ஏ. (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்) என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, அதில் நடுவில் இருக்கும் 'சி' கிராங்கிங்தான்: மைனஸ் 18 டிகிரி குளிரில், 12 வோல்ட் பேட்டரி 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 விநாடி எத்தனை ஆம்பியர் தரும் என்பதன் அளவு. சென்னை வெயிலில் அந்த எண்ணைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

'கிராங்க் அப் தி வால்யூம்' மாதிரி வரும் இடங்களில் வணரியையெல்லாம் இழுக்காதீர்கள், சவுண்டை ஏற்று என்றால் முடிந்தது.