நிக்கர்: ஒரு சொல் சுருங்கிய கதை

தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்பேறிய படம். 1910ஐ ஒட்டிய அமெரிக்க ஸ்டூடியோ. வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், போலிக் கல்சுவரில் ஒரு கையை ஊன்றி நிற்கிறான் பத்து வயதுப் பையன். கோட், கழுத்துப் பட்டை எல்லாம் பெரியவர்களுடையது போலவே இருக்கின்றன. கால்சட்டைதான் வேறு. தொளதொளவென்று இறங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே சுருக்கிப் பிடித்து, ஒரு பட்டியில் அடங்கி, சின்ன பக்கிளில் முடிகிறது. அதற்குக் கீழே கறுப்புக் காலுறை. கால் தோல் துளிகூடத் தெரியாது.

இதன் பெயர் நிக்கர்பாக்கர். சுருக்கமாக நிக்கர்ஸ். நம்ம ஊர் நிக்கருக்கு இதுதான் பாட்டன்.

பெயர் வந்த கதை ஒரு குறும்பில் தொடங்குகிறது. 1809 அக்டோபரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில், நிக்கர்பாக்கர் என்ற முதியவரைக் காணவில்லை என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் விடுதிக்காரர் பெயரில் இன்னொன்று: ஆள் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார், அறையில் ஒரு கையெழுத்துப் படி கிடக்கிறது, திரும்பி வராவிட்டால் அதை விற்றுக் கடனைக் கழித்துக்கொள்வேன். இரண்டுமே புளுகு. டிசம்பரில் அந்தக் ‘கையெழுத்துப் படி’ நியூயார்க்கின் வரலாறாகப் புத்தகமானது. எழுதியவர் 26 வயது வாஷிங்டன் இர்விங். நகரத்தின் பழைய டச்சுக் குடியேறிகளைக் கிண்டலடிக்கும் நூல் அது. நிக்கர்பாக்கர் மட்டும் அங்கே உண்மையிலேயே இருந்த டச்சுக் குடும்பப் பெயர்.

பிற்பாடு இலண்டன் பதிப்புக்கு ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் படம் போட்டார். டச்சுக்காரர்களுக்கெல்லாம் முழங்காலோடு நிற்கும் தொளதொள கால்சட்டை. ஆளின் பெயர் உடைக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான் என்பார்கள். நியூயார்க்காரர்களுக்கும் அந்தப் பெயர் நிலைத்தது; 1946இல் தொடங்கிய நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணியின் பெயரில் இருப்பதும் அதே டச்சுக்காரர்தான்.

பிரிட்டனில் நிக்கர்ஸ் என்றால் இன்று பெண்களின் உள்ளாடை. அங்கே போய் “என் பையனுக்கு நிக்கர் வேண்டும்” என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். தமிழில் அது முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது; பட்டியும் பக்கிளும் போயின. டவுசருக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் முழுக்கால் உடை, நம் வாயில் அரைக்காலாகிவிட்டது. இலங்கையில் மட்டும் தலைகீழ். போர்த்துக்கீசிய மொழியில் இன்று அரைக்கால் சட்டையைக் குறிக்கும் கல்சாவ்ங் என்ற சொல், அங்கே களிசான் ஆகி முழுக்கால் அளவுக்கு நீண்டுவிட்டது.

சரி, இப்படிப்பட்ட பழைய படத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதும்போது, பையன் போட்டிருப்பதை எப்படிச் சொல்வது? ‘நிக்கர்’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் தொடை தெரியும் காக்கி அரை டவுசர்தான் வந்து நிற்கும். சல்லடம் அருமையான பழஞ்சொல். கருப்பசாமியின் கோலத்தைப் பாடும்போது இன்றும் வரும். ஆனால் சல்லடம் தொடையளவில் நின்றுவிடும். ‘முழங்கால் பட்டிக் கால்சட்டை’ என்பது என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் அந்தப் பட்டியை விட்டுவிட்டால் உடையே மாறிப்போகிறது. இந்தப் படத்துக்குச் சற்று முந்திய காலப் படங்களில் பட்டி இல்லாமல் முழங்காலில் நேராக வெட்டி நிறுத்திய கால்சட்டை வரும். அதற்கு ‘அரைக்கால் சட்டை’ போதும்.

அந்தக் காலப் படங்களில் கவுன் போட்ட குழந்தையைப் பார்த்ததும் ‘சிறுமி’ என்று எழுதிவிட வேண்டாம். அன்று சின்னஞ்சிறு ஆண்பிள்ளைகளுக்கும் கவுன்தான். 1884இல் எடுத்த ஒரு படத்தில் வெள்ளைப் பாவாடையும் தோள்வரை முடியுமாக, இறகுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டரை வயதுக் குழந்தை, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.