சான்றிதழ் சரக்குக்கு அல்ல, தொழிற்சாலைக்கு: இறக்குமதிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய பிஐஎஸ் விதிகள்

சீனாவின் யீவூ சந்தையில் பொம்மை விற்பவரிடம் "சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதில் வந்து நான் பார்த்ததில்லை. கேட்ட ஐந்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். தங்க நிறக் கரை, வட்ட முத்திரை, நடுவில் 'சிஇ' என்று பெரிதாக இரண்டு எழுத்து. அதை நம்பி முன்பணம் அனுப்பி, சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் அந்தத் தாள் இங்கே செல்லாது என்று தெரியவரும். முதல் முறை இறக்குமதி செய்கிறவர்களில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

சிஇ குறி ஐரோப்பியச் சந்தைக்கு உரியது. பல பொருள்களுக்கு உற்பத்தியாளர் தாமே அறிவித்து அதை ஒட்டிக்கொள்ளலாம். இந்தியச் சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே கேட்கப்படுவது இந்திய தர நிர்ணய அமைவனத்தின், அதாவது பிஐஎஸ்ஸின், உரிமமோ பதிவோதான். 1947இல் இந்தியத் தர நிறுவனமாக, ஐஎஸ்ஐ என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இது. 1987இல் பெயர் மாறிவிட்டது, முத்திரையில் மட்டும் பழைய பெயர் நின்றுவிட்டது. குக்கரிலும் ஹெல்மெட்டிலும் நாம் பார்க்கும் ஐஎஸ்ஐ அதுதான்.

எல்லாப் பொருளுக்கும் இது கட்டாயமில்லை. 2016ஆம் ஆண்டின் பிஐஎஸ் சட்டம் 2017 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவின்படி, ஒரு பொருளுக்குத் தர முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவிடலாம். அதைத்தான் தரக் கட்டுப்பாட்டு உத்தரவு என்கிறோம். பொருளுக்கேற்ப உத்தரவு போடும் அமைச்சகம் மாறும். பொம்மைக்கும் பிரஷர் குக்கருக்கும் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, செல்போன் சார்ஜருக்கு மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். உத்தரவு வந்துவிட்டால், அந்தப் பொருளை முத்திரையில்லாமல் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விற்பனைக்காக இருப்பு வைப்பது எல்லாமே 17ஆம் பிரிவின்படி குற்றம். இருப்பு வைப்பதும் இதில் சேர்த்தி என்பதைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். தண்டனை 29ஆம் பிரிவில் இருக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய், அடுத்த முறைக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சரக்கின் மதிப்பைப் போல் பத்து மடங்கு வரை போகலாம்.

பொம்மையையே எடுத்துக்கொள்வோம். கேட்பவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கேட்கிறார்கள். பொம்மைகளுக்கான உத்தரவு 2020 பிப்ரவரியில் வந்தது, 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட எதுவும் இதில் வரும். சாதாரணப் பொம்மைக்கு உரிய இந்தியத் தரம் ஐஎஸ் 9873, பேட்டரியிலோ மின்சாரத்திலோ இயங்கும் பொம்மைக்கு ஐஎஸ் 15644.

சோதனைக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் இந்த உத்தரவின் மேல் உள்ள எரிச்சல் கொஞ்சம் குறையும். அங்கே உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோக உருளை இருக்கிறது. உள் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சரிவானது: ஆழம் ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டர், மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். குழந்தையின் தொண்டையை நினைத்துச் செய்த அளவு அது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொம்மையை எடுத்து, கீழே போட்டு, இழுத்து, முறுக்கிப் பார்ப்பார்கள். கரடி பொம்மையின் கண்ணோ காரின் சக்கரமோ கழன்று வந்தால் அதை அந்த உருளைக்குள் போடுவார்கள். அழுத்தாமலே முழுவதும் உள்ளே போய்விட்டால் பொம்மை தோற்றது. இன்னொரு பக்கம் சாயத்தைச் சுரண்டி, காரீயம், காட்மியம், பாதரசம் உள்ளிட்ட எட்டுத் தனிமங்கள் எவ்வளவு கரைந்து வெளிவருகின்றன என்று அளப்பார்கள். காரீயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 90 மில்லிகிராம். துணி பொம்மை எவ்வளவு வேகமாகத் தீப்பற்றுகிறது என்பதற்கும் தனிச் சோதனை உண்டு.

இனி, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். "நான் இறக்குமதியாளர், நான் போய் பிஐஎஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்பார்கள். முடியாது. உரிமம் உற்பத்தியாளருக்கு மட்டும்தான். அதிலும் ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் குறிப்பிட்ட தொழிற்சாலைக்கு, குறிப்பிட்ட தரத்துக்கு, குறிப்பிட்ட வகைகளுக்கு. அதே கம்பெனிக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு ஆலை இருந்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். யீவூவில் கடை விரித்திருப்பவர் வியாபாரி. அவரிடம் ஆலையே கிடையாது, உரிமம் எங்கிருந்து வரும்? பத்து ஆலைகளின் சரக்கைக் கலந்து ஒரே கன்டெய்னரில் ஏற்றுவது யீவூவின் வசதி. பிஐஎஸ் என்று வரும்போது அந்த வசதிதான் வினையாகிறது.

வெளிநாட்டு ஆலை உரிமம் பெறுவதற்கென்று பிஐஎஸ்ஸில் தனித் திட்டம் இருக்கிறது. ஆலை விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிஐஎஸ் அதிகாரி நேரில் போய் ஆலையைப் பார்ப்பார், பயணச் செலவு ஆலையுடையது. மாதிரிகள் பிஐஎஸ் ஏற்ற ஆய்வகத்தில் தேற வேண்டும். 10,000 அமெரிக்க டாலருக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவரைத் தன் அதிகாரப்பூர்வப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். ஆலைக்கு இங்கே சொந்த அலுவலகம் இல்லாத நிலையில் இறக்குமதியாளரே பிரதிநிதியாகக் கையெழுத்திடும் வழக்கம் உண்டு. அது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து அல்ல. நாளைக்குத் தரத்தில் குறை வந்தால் சட்டம் முதலில் கதவைத் தட்டுவது அந்தப் பிரதிநிதியின் வீட்டைத்தான். இவ்வளவும் தடையில்லாமல் நடந்தாலே மாதக் கணக்கில் ஆகும். வருடத்துக்கு இரண்டு கன்டெய்னர் எடுப்பவருக்காக எந்த ஆலை இந்தப் பாடு படும் என்பதை வாங்குபவர்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். பொம்மை வியாபாரம் உள்நாட்டு ஆலைகள் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் ஏறிய சுங்கத் தீர்வை இன்னொன்று.

மின்னணுப் பொருள்களுக்கு வழி கொஞ்சம் எளிது. செல்போன், பவர் பேங்க், சார்ஜர், லேப்டாப், எல்இடி விளக்கு போன்றவை கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருகின்றன. 2012இல் வந்த உத்தரவில் தொடங்கிய திட்டம் இது. பதிவு கொடுக்க அதிகாரி ஆலைக்குப் போக வேண்டியதில்லை. பிஐஎஸ் ஏற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையோடு ஆலை விண்ணப்பித்தால் பதிவு எண் கிடைக்கும். பொருளில் ஐஎஸ்ஐக்குப் பதிலாக, 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். இங்கேயும் பதிவு ஆலைக்குத்தான், கூடவே பிராண்டுக்கும் மாடலுக்கும். ஆலையின் சொந்த பிராண்டுக்குப் பதிவு இருக்கிறது என்பதற்காக உங்கள் கடைப் பெயரை அச்சடித்துப் பவர் பேங்க் வரவழைத்தால் அது பதிவில்லாத சரக்கு. புளூடூத், வைஃபை இருக்கும் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு கொடுக்கும் ஒப்புதல் தனியாக வேண்டும். பிஐஎஸ் பதிவு இருக்கிறதே என்று அதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

சரக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? சுங்க முகவர் இறக்குமதி ஆவணத்தைக் கணினியில் தாக்கல் செய்கிறார். அதில் பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ் குறியீட்டு எண் இருக்கும், பொம்மை என்றால் 9503. குறியீட்டைப் பார்த்ததுமே உரிம எண்ணைக் கேட்பார்கள். "பொம்மை அல்ல, அலங்காரப் பொருள்" என்று குறியீட்டை மாற்றிப் போடச் சொல்லித் தரும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் வேஷம் கலைந்துவிடும். அப்போது முத்திரை இல்லாத குற்றத்தோடு தவறான அறிவிப்பு என்ற குற்றமும் சேரும். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 111ஆம் பிரிவின்படி சரக்கைப் பறிமுதல் செய்யலாம், 112ஆம் பிரிவின்படி தண்டத் தொகை தனி. பெரும்பாலும் மிஞ்சுவது இரண்டே வழிதான்: உங்கள் செலவில் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது, அல்லது அழிக்க விடுவது. இந்த முடிவு வரும் வரை கன்டெய்னர் கிடங்கு வாடகையும், கன்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி போடும் கட்டணமும் நாள் தவறாமல் ஏறிக்கொண்டிருக்கும். மலிவான சரக்கு என்றால், சில வாரங்களில் இந்தச் செலவே சரக்கின் விலையைத் தாண்டிவிடும். சரக்கை விட்டுவிட்டு ஓடுபவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

ஒரு சின்ன விஷயத்தில் பலருக்குக் குழப்பம். அதிகபட்ச விலை, இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு ஆகியவை கொண்ட சீட்டை இங்கே சுங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பிணைக் கிடங்கில் வைத்து, சரக்கு விடுவிக்கப்படும் முன் ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. அது எடை, அளவைச் சட்டத்தின் சமாச்சாரம். ஐஎஸ்ஐ முத்திரை அப்படியல்ல. ஆலையிலேயே பதிந்து வர வேண்டும். சென்னையில் அச்சடித்து மணலியில் ஒட்டினால் அது போலி முத்திரை.

விலக்குகளும் இருக்கின்றன. கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் உத்தரவு பொருந்தாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை விற்பவர் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். இறக்குமதியில், ஆராய்ச்சிக்காக ஆண்டுக்கு 200 எண்ணிக்கை வரை விற்பனைக்கு அல்லாமல் கொண்டுவரப் பல உத்தரவுகள் இடம் தருகின்றன. உங்கள் பொருளுக்கான உத்தரவில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

உத்தரவுகளின் பட்டியல் நீண்டுகொண்டும் போகும், சில சமயம் சுருங்கவும் செய்யும். காலணிகள் 2024 ஆகஸ்ட் 1 முதல் இதற்குள் வந்தன. 2025 நவம்பரிலோ, செயற்கை இழை மூலப்பொருள், பிளாஸ்டிக் மூலப்பொருள் சார்ந்த பல உத்தரவுகளை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே போன வருடம் இதே சரக்கை எடுத்த நண்பர் சொன்னதை வைத்து ஆர்டர் போடாதீர்கள். பிஐஎஸ் இணையதளத்தில் கட்டாயச் சான்றிதழ் வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா, சென்னைக்காரர்களுக்குத் தரமணியில் சிஐடி வளாகத்திலேயே பிஐஎஸ் அலுவலகம் இருக்கிறது.

விற்பவர் அனுப்பிய சான்றிதழைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். 'பிஐஎஸ் கேர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஐஎஸ்ஐ உரிமம் என்றால் 'சிஎம்/எல்' என்று தொடங்கும் எண்ணையும், மின்னணுப் பொருள் என்றால் 'ஆர்' எண்ணையும் உள்ளிடுங்கள். உரிமம் பெற்றவர் பெயர், ஆலை முகவரி, பொருள், செல்லுபடியாகும் தேதி எல்லாம் திரையில் வரும். அந்தப் பெயரையும் முகவரியையும் விற்பவர் தந்த விலைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். சில சமயம் எண் உண்மையாக இருக்கும், முகவரி வேறு யாருடைய ஆலையாகவோ இருக்கும். ஊரான் உரிமத்தைப் பிடிஎஃப்பில் ஒட்டி அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். முன்பணம் கட்டும் முன் ஒரு முறை, சரக்கு கப்பலேறும் முன் மறுபடி ஒரு முறை பாருங்கள். நடுவில் உரிமம் காலாவதியாகியிருக்கலாம், முத்திரை பதிப்பதை நிறுத்தும்படி பிஐஎஸ் ஆலைக்குச் சொல்லியிருக்கலாம். சரக்கு அந்த ஆலையின் கிடங்கிலேயே இருக்கும் வரை அது அவர்கள் தலைவலி.