நோட்டில் 120, உடம்பில் 270

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும், டைப் 1 சர்க்கரை நோய் உள்ள ஒன்பதாம் வகுப்புப் பெண் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்று மாத சர்க்கரை நோட்டை நீட்டினாள். எல்லாம் 110-இலிருந்து 140-க்குள். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு பக்கத்தில்கூடக் கறை இல்லை. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை 11 என்று வந்தது. அதாவது சராசரி சர்க்கரை கிட்டத்தட்ட 270.

"பொய் எழுதலாமா கண்ணு?" என்று அப்பா குரலை உயர்த்தினார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நோட்டை மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "உள்ளத எழுதுனா வீட்ல சண்டைங்க டாக்டர். அம்மிச்சி அழுவாங்க. ஸ்கூல் பாத்ரூம்ல நின்னு ஊசி போட்டுக்கப் பிடிக்கலைங்க, மத்தியானம் போடறதே இல்ல."

டைப் 1 இனிப்பு தின்று வருவதல்ல. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. அதோடு, வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பிள்ளை எந்தத் தப்பும் செய்யாமலே சர்க்கரை ஏறும். அதற்கும் திட்டு விழுந்தால் மறைக்கத்தான் செய்வார்கள். தினம் நாலு ஊசி, அதற்கு மேல் விரலில் குத்திப் பார்ப்பது, பொங்கலுக்கும் லீவு இல்லை. "நாளைக்குக் கட்டிக் குடுக்கணும், வெளிய சொல்லாதே" என்று சொந்தக்காரர்களிடம்கூட மறைக்கும் வீடுகளில், இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றுதான் அந்தப் பெண் கற்றுக்கொள்கிறாள்.

சலிப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் தூக்கம், சாப்பாடு, சிநேகிதம், படிப்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்தே இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இளைக்க வேண்டும் என்று ஊசியை விடும் பெண்களும் உண்டு. வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குவது என்றால் நேராக ஆஸ்பத்திரிதான். சாகலாம் போலத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அப்படி ஒரு வார்த்தை வந்தால் இன்சுலினைப் பெரியவர்கள் கையில் வைத்து, வேளைக்கு எடுத்துக் கொடுங்கள், பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: பள்ளி விட்டு வந்ததும் "சுகர் எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீங்க.

அடுத்த முறை நோட்டில் 312 இருந்தது, 64 இருந்தது. ஒரு வியாழக்கிழமைக்கு நேரே எண்ணே இல்லை, "முடியல" என்று மட்டும் எழுதியிருந்தாள். அன்றைக்கு அந்த வியாழக்கிழமையைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினோம்.