காய்கறிக்கு முன்னால் கலோரி

வருமானம் குறைந்த வீடுகளில் காய்கறியும் பழமும் குறைந்து, சர்க்கரையும் எண்ணெயும் மாவுப் பண்டங்களும் கூடிப்போவதைப் பார்த்தால், "விழிப்புணர்வு போதாது" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு அவ்வளவாக நிற்பதில்லை.

வருமானம் ஏற ஏற, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857-ல் சொன்னவர் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்துச் சொன்ன அந்த விதி இன்றும் பொருந்துகிறது. வருமானம் குறைவாக இருந்தால் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடும். ஆனால் கை நெருக்கடியான மாதத்தில் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். வாடகையையும் கடன் தவணையையும் பாதி கட்டிவிட்டுத் தப்ப முடியாதே!

வெட்டும்போதும் வயிறு நிறைய வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. அதே கலோரியைத் தக்காளியில் பெற 600 கிராமுக்கு மேல் வேண்டும். எடைக்கு விலை பார்த்தால் காய்கறி மலிவாகத் தோன்றலாம். கலோரிக்கு விலை பார்த்தால் கதை வேறு. மாவுச்சத்தை மட்டும் வைத்து வயிற்றை நிரப்ப ஆகும் செலவைப் போல ஏறக்குறைய 5 மடங்கு ஆரோக்கியமான உணவுக்கு ஆகும் என்று 2020-ல் வெளிவந்த ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கணக்கிட்டது. உலகில் 300 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது கட்டுப்படியாகவில்லை என்றும் அது சொன்னது.

விலையோடு இன்னொரு செலவும் உண்டு, பலரும் கவனிக்காத செலவு. புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதுவரை தட்டில் மிஞ்சுவதெல்லாம் குப்பைக்கு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிப் பெற்றோர்களிடம் பேசிய சமூகவியலாளர் கேட்லின் டேனியல், வருமானம் குறைந்த பலர் இந்த நஷ்டத்துக்குப் பயந்தே பிள்ளைகள் நிச்சயம் சாப்பிடுவதை மட்டும் வாங்குகிறார்கள் என்று 2016-ல் எழுதினார். காசுள்ள வீட்டிலும் குழந்தை துப்பத்தான் செய்கிறது. அங்கே அது யாருக்கும் வலிப்பதில்லை.

சரி, பக்கத்திலேயே நல்ல கடை இருந்தால்? அமெரிக்கக் குடும்பங்கள் வாங்கிய பொருள்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இந்த நம்பிக்கையைக் கலைத்தது. அருகில் புதிதாகப் பெரிய கடை வந்தும் வாங்கும் பொருள்கள் அதிகம் மாறவில்லை. ஏழை, பணக்காரர் உணவுத் தர வித்தியாசத்தில் கடை வசதியும் விலையும் சேர்ந்து சுமார் 10 சதவீதத்தையே விளக்கின. மிச்சமெல்லாம் எதை விரும்பி வாங்குகிறோம் என்பதைச் சேர்ந்தது.

அப்படியென்றால் குற்றம் நாக்கின் மேலா? நான் அப்படிப் படிக்கமாட்டேன். பிள்ளைப் பருவத்தில் 15 முறை சுவைத்துப் பார்க்க வாய்ப்பில்லாத நாக்கு, வளர்ந்து சம்பாதிக்கும்போதும் பழகியதைத்தான் கேட்கும். கையில் காசு சேர்ந்த மறுநாளே கீரைக்கு மாறிவிடாது.

சீனாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, கோதுமை விலையைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையிலும் ஊட்டச்சத்து கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. சிலர் மிச்சமான காசை ருசியான வேறு உணவுக்குத் திருப்பினார்கள். அதில் தப்பென்ன? சுவை வேண்டாம் என்று ஏழைக்கு மட்டும் எப்படிச் சொல்வது?

தள்ளுபடியைக் காய்கறி, பழத்தின் மேலேயே வைத்தால் பலன் தெரிகிறது. 2011, 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு உணவு உதவி பெறுவோர் அவற்றுக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திரும்பக் கொடுத்தார்கள். இந்தச் சலுகை கிடைக்காதவர்களைவிட அவர்கள் சுமார் 26 சதவீதம் அதிகமாகக் காய்கறி, பழம் சாப்பிட்டார்கள்.